'போல' என்னும் சொல்லும் திரையின் முகமும்

திரை ஊடகங்கள் கற்பனையாற்றலைக் குன்றச் செய்கின்றன என்னும் கருத்து பரவலாகக் கூறப்படுகிறது. உருவம் ஆயத்தமாகக் கிடைப்பதால், மனத்தில் உருவமைக்கும் திறன் தளர்கிறது என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். இக்காரணம் முழுமையானதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தபோதே மணியத்தின் ஓவியங்கள் அதனுடன் இடம்பெற்றன. அன்றைய வாசகரும் உருவங்களைக் கண்டே படித்தனர். எனவே, திரையால் நேரும் மாற்றத்தை மொழியின் வேறொரு கூறில் தேட வேண்டியுள்ளது.

தமிழில் 'போல்' என்னும் அடி இரு பணிகளைச் செய்கிறது. 'தாமரை போன்ற முகம்' என்பதில் ஒப்புமையை உணர்த்துகிறது. 'மழை வரும் போலிருக்கிறது' என்பதில் ஊகத்தை உணர்த்துகிறது. ஒப்புமை குறியாத 'போலும்' என்பதைத் தொல்காப்பிய இடையியல் 'ஒப்பில் போலி' எனத் தனித்துச் சுட்டுகிறது. இவ்விரு பயன்பாடுகளும் வேறாயினும், இரண்டிற்கும் பொதுவானதொரு பண்பு உண்டு. கூற்றின் பின்னால் கூறுவோர் ஒருவர் இருக்கிறார். அவர் கண்டதையும் கணித்ததையும் கேட்போர் ஐயுறலாம்.

நந்தினிக்கும் ஊமை ராணிக்கும் உள்ள உருவ ஒற்றுமை இதற்குத் தக்க சான்றாகும். நாவலில் அவ்வொற்றுமை பெரிதும் பாத்திரங்களின் வாய்மொழி வழியாகவும் நினைவு வழியாகவும் வாசகரை வந்தடைகிறது. அதையொட்டி எழும் ஐயங்களே கதையை நகர்த்துகின்றன. மணிரத்னம் இயக்கி, 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த திரைப்படத்தில், இருவராகவும் ஐஸ்வர்யா ராயே நடித்தார். ஊமை ராணியின் முகத்தை முதற்பாகத்தின் இறுதிவரை மறைத்து வைத்தமை பாராட்டத்தக்கது. ஆயினும், முகம் வெளிப்பட்ட கணத்திலேயே 'போல' என்பது 'அதே' என்றாகிவிடுகிறது. அவ்வொப்புமையைக் கூறுவோர் எவருமிலர். ஆதலின் மறுப்போர்க்கும் இடமில்லை.

ஓவியத்தின் நிலை வேறு. மணியத்திற்குப் பின் பிற ஓவியர்களும் இப்பாத்திரங்களை வரைந்தனர். முகங்கள் வேறுபட்டமையால், ஒவ்வொன்றும் ஓர் ஓவியரின் கூற்றாகவே நின்றது. இன்றோ கைப்பேசியில் பாத்திரத்தின் பெயரைத் தேடுவோர்க்கு நடிகரின் முகமே முதன்மையாகக் கிடைக்கிறது. பல கூற்றுகள் நின்ற இடத்தில் ஒன்றே நிலைபெறுகிறது.

மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். இந்நாவலை இனிப் பிறமொழியில் பெயர்ப்போர் பெரும்பாலும் திரைப்படத்தை அறிந்தவராகவே இருப்பர். 'அவள் சாயல் இருப்பதுபோல் தோன்றுகிறது' என்னும் வகைத் தொடரை, 'அவளைப் போலவே இருக்கிறாள்' என்னும் உறுதிக் கூற்றாக மாற்றிவிட அவர்தம் நினைவே தூண்டும். சொற்பொருள் அளவில் இது சிறு பிழையாகத் தோன்றலாம். ஆனால் பாத்திரத்தின் ஐயமும் அதனால் விளையும் கதைப்போக்கும் இலக்குமொழியில் இல்லாமற் போகும்.

எனவே, 'போல்' வரும் இடந்தோறும் கூறுவோர் யார், அவர் எதனைக் கண்டார், எவ்வளவு உறுதியுடன் கூறுகிறார் என்னும் மூன்றையும் மூலத்திலிருந்தே வரையறுத்துக்கொள்வது நலம். திரைப்படத்திற்கு முன்னும் பின்னும் வெளிவந்த மொழிபெயர்ப்புகளை இந்நோக்கில் ஒப்பிடின், கற்பனையின் மீது திரை செலுத்தும் செல்வாக்கினைப் பொதுக்கூற்றாக அன்றி, மொழிச்சான்றுடன் அறிய இயலும்.