திருவாசகச் சிம்பொனி: சொல்லும் பண்ணும்

வழிவழியாக வந்த பக்திப் பாடலொன்றை வேற்றிசைக்குள் கொண்டு செல்லும்போது எதைக் காப்பது, எதை விடுவது? திருவழிபாட்டில் அக்கறை கொண்ட எவரும் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. இதனைச் சிந்திக்க, இளையராஜாவின் இசையில் 2005-இல் வெளிவந்த ‘திருவாசகம்’ சிம்பொனிப் பதிவைவிட ஏற்ற சான்று நமக்கு அருகில் இல்லை. அதனை வெளிக்கொணர்ந்தது தமிழ் மையம். அவ்வமைப்பைத் தொடங்கியவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜ். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு.

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நமக்குத் திருவாசகம் அயல்நூல் அன்று. மணிவாசகர் சொல்ல இறைவனே ஏட்டில் எழுதித் தில்லைச் சிற்சபையின் படியில் வைத்தார் என்பது சைவ மரபு. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார் அதனை உருகிப் போற்றினார். கிறித்தவ ஊழியரான ஜி.யு. போப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்டார். எனவே இந்நூலை அன்போடு அணுகுவதில் நாம் முதல்வரும் அல்லர், தனியரும் அல்லர்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். சிம்பொனி என்பது பல பகுதிகளாக அமைந்த, பெரும்பாலும் கருவியிசைக்கே உரிய வடிவம். தனிக்குரலும் பாடற்குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து, நடிப்பின்றிச் சமயப் பொருளை இசைக்கும் வடிவமோ ஒரட்டோரியோ. 16-ஆம் நூற்றாண்டில் உரோமையில் புனித பிலிப்பு நேரியார் மக்களைக் கூட்டிப் பாடச் செய்த செபக்கூடமே அப்பெயருக்கு மூலம். இப்பதிவு அவ்வகையைச் சார்ந்தது. இதில் முழுச் சிம்பொனியைத் தேடுவோர் ஏமாறக்கூடும். அந்த வடிவில் இளையராஜா இயற்றிய ‘வேலியண்ட்’ 2025 மார்ச் 8-இல் லண்டனில் அரங்கேறியது.

இங்கே அமெரிக்க இசையறிஞர் சார்லஸ் ஐவ்ஸை (1874–1954) ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். இளமையிலேயே ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம் இயற்றிய மூன்றாம் சிம்பொனியில், கிராமத்து செபக்கூட்டங்களில் மக்கள் பாடிய பாடல்களின் மெட்டுகளை இழைத்தார். அது 1946-இல்தான் அரங்கேறியது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு செய்த பதிவில் அதனைக் கேட்டால் ஒன்று விளங்கும்: அங்கே சொற்கள் இல்லை, மெட்டு மட்டுமே உண்டு. அம்மெட்டை அறிந்தவரின் நெஞ்சில் சொற்கள் தாமே எழும். அறியாத நமக்கோ அது இனிய ஓசையாக மட்டும் நின்றுவிடும்.

இளையராஜா செய்தது இதற்கு நேர்மாறு. ஓதுவார்கள் திருவாசகத்தை மரபாக மோகன இராகத்தில் ஓதுவார்கள். அந்த மெட்டை விட்டுவிட்டு, சொல்லைக் காத்துக்கொண்டார் அவர். நம்மைப் பொறுத்தவரை அது சரியான தேர்வு என்றே கொள்கிறோம். திருவாசகத்தின் உயிர் அதன் தமிழில் இருக்கிறது. நெஞ்சில் முதலில் தைப்பது சொல்லே.

ஆகவே சொல்லுக்கு இசை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதே நம் அளவுகோல். பொற்சுண்ணம் இடிக்கும் மகளிரின் பாட்டாக அமைந்தது திருப்பொற்சுண்ணம். உலக்கை விழும் அசைவு பாட்டிலேயே இருப்பதால் கூட்டுக்குரலும் தாளமும் அங்கே இயல்பாகப் பொருந்துகின்றன. அச்சப்பத்தில் அடியார் உலகத்து அச்சங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, இறையன்பு அற்றோரைக் கண்டு மட்டுமே அஞ்சுகிறார். இசைக்குழுவின் வேகம் அத்துணிவுக்குத் துணை நிற்கிறது.

சிவபுராணப் பகுதியிலோ நமக்குத் தயக்கம் உண்டு. புல் முதல் மனிதர் வரை பல பிறவி எடுத்துக் களைத்த உயிரின் முறையீடு அது. இளையராஜாவின் குரலில் அக்களைப்பு மெய்யாகவே ஒலிக்கிறது. ஆனால் அதே பொருளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் இடையிடையே விளக்கிச் செல்கின்றன. அயலார்க்கு இது திறந்த கதவு. தமிழருக்கோ செபத்தின் நடுவே எழுந்து வந்து விளக்கவுரை சொல்வது போன்றது. உருக்கம் கூடிவரும் வேளையில் அது அறுபடுகிறது. சுமார் இருபது நிமிடம் நீளும் அப்பகுதியில் ஆங்கிலம் ஒருமுறை மட்டும் வந்திருந்தால் போதுமானதாயிருக்கும்.

இக்குறையால் பதிவின் பெருமை குன்றிவிடாது. தமிழறியாத ஹங்கேரி நாட்டுக் கலைஞர்களின் வில்லசைவுக்கு மேலே ஒரு தமிழ் அடியாரின் கண்ணீர்ச் சொல் தெளிவாகக் கேட்கிறது என்பது சிறிய செயல் அன்று.

இதிலிருந்து நம் ஆலயங்கள் கற்க வேண்டியது உண்டு. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கற்பித்தது. ஆயினும் நம் பங்குகள் பலவற்றில் கீபோர்டும் ஒலிபெருக்கியும் முழங்கும்போது பதிலுரைப் பாடலின் ஒரு சொல்கூட இறைமக்களின் செவியில் விழுவதில்லை. ஐவ்ஸ் சொல்லை விட்டபோது மக்கள் அறிந்த மெட்டைக் காத்தார்; இளையராஜா மெட்டை விட்டபோது சொல்லைக் காத்தார். நாமோ புது மெட்டும் கேளாச் சொல்லுமாக இரண்டையும் இழக்கும் நிலையில் இருக்கிறோம்.

பாடற்குழுவினர் இப்பதிவைத் திருவாசக நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்பார்களாக. பின்னர் வரும் ஞாயிறன்று, ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம், பாடலில் என்ன கேட்டது என்று வினவுவார்களாக. அவர் தரும் விடையிலிருந்தே நம் இசைப் பயிற்சி தொடங்கட்டும்.