மேடையேறிய தப்பு

கொழும்பு வளாக மண்டபங்களில் மலையக விழாக்கள் நடைபெறுவதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, காமதகனம் வரை பல இரவுகள் தோட்டமே கூடி ஆடும் காமன்கூத்து, இங்கே கால் மணி நேரக் காட்சியாகக் குறுகிவிடுகின்றது. ரதி புலம்புகையில் உடன் அழ ஊர் இல்லை. கைதட்டச் சபையோர் மாத்திரமே உளர். (பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் நேரம் குறைவதில்லை!)

நேரக் குறுக்கத்தை நாம் பெரிதுபடுத்தவில்லை. எமது மனக்குறை வேறு. தப்பு வெறும் விழாக் கருவியன்று. துரைமார் காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் அதுவே. சாவு வீட்டில் ஒலித்ததும் அதுவே. அதனை அடித்தவரோ, ஒரே துயரில் வாழ்ந்த லயத்து மக்களிடையேயும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார். இவ்வளவும் அறிவிப்பாளர் வாயில் ‘தொன்மை மரபு’ என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடுகின்றது.

‘மலைநாட்டு மக்கள் பாடல்க’ளை 1983இல் நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே தம் மக்களின் குடியுரிமை பறிக்கப்படக் கண்டவர். பாட்டை உழைப்பிலிருந்து அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கின்றனர். அவர்களுள் தப்படிக்கத் தெரிந்தோரை விழாக் குழுவினர் தேடிச் செல்லட்டும். அன்று அவர்கள் இழக்கும் நாட்கூலியையும் கொடுக்கட்டும்.