பியருக்கு உடம்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு புத்தகங்களும் ஒரு சந்தேகமும்

இந்தக் குறிப்பு வீட்டில் பியர் காய்ச்சுவதைப் பற்றியது. குடிக்காதவர்களும் படிக்கலாம். உண்மையில் இது ஒரு நல்ல உவமை நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோய், எங்கே இறக்கிவிட்டுவிடும் என்பதைப் பற்றிய குறிப்புதான்.

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதை 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மத்திய அரசு அளவில் அனுமதித்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன். இரண்டு ஆண்டில், 1980-ல், கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் கென் கிராஸ்மன் சியெரா நெவாடா பேல் ஏல் காய்ச்ச ஆரம்பித்தார். அவரும் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தவர்தான். காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையின் கிரேப்ஃப்ரூட் தோல் கசப்பும் ஆரஞ்சு வாசமும் அந்த பியர் வழியாகத்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. இன்றைக்கும் வீட்டில் காய்ச்சத் தொடங்கும் பாதிப் பேர் அதை நகலெடுக்கத்தான் முயல்கிறார்கள். நானும்தான்.

நகலெடுப்பவர்களின் பொதுவான புலம்பல் ஒன்று: வாசம் வந்துடுது, கசப்பும் வந்துடுது, ஆனால் வாயில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் டிகாஷனில் போட்ட காபி மாதிரி. என் நண்பர் ஒருத்தர் இதற்கு வைத்த பெயர் "ஹாப்ஸ் போட்ட சோடா". ஆங்கிலத்தில் இல்லாமல்போன அந்தச் சமாசாரத்தை பாடி என்கிறார்கள். உடம்பு.

இந்தக் கேள்வியோடு பெரும்பாலானவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ஜான் பாமரின் 'ஹவ் டு ப்ரூ'. 2000-ல் இணையத்தில் இலவசமாக வந்து, பிறகு அச்சாகி, 2017-ல் நாலாம் பதிப்பு கண்ட புத்தகம். பாமர் உலோகவியல் படித்தவர். அது எழுத்தில் தெரியும். எதையும் மந்திரமாக விடமாட்டார்.

அதில் மாஷ் பற்றிய அத்தியாயத்தில் புகழ்பெற்ற உவமை ஒன்று உண்டு. மாஷ் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கட்டம். மாவுச்சத்தை, புயலில் விழுந்த மரக்கிளையாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் பாமர். அதைத் துண்டு போட இரண்டு கருவிகள், அதாவது இரண்டு நொதிகள். பீட்டா அமைலேஸ் நுனிகளிலிருந்து மட்டும் நறுக்கும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் அதற்கு இதம். ஆல்ஃபா அமைலேஸ் நடுவிலும் எங்கே வேண்டுமானாலும் வெட்டும். 70-ஐ ஒட்டி அதற்கு வேகம். வெப்பம் குறைவாக இருந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரை அதிகம். கூடுதலாக இருந்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் துண்டுகள் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே 67 டிகிரி ஒரு சமரசம்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. நொதி என்றாலே ஓடுகிற ஆள்கூட இதைப் படித்தால் புரிந்துகொள்வார்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வெப்பம் குறைந்தால் பியர் லேசாக, வறட்சியாக இருக்கும். கூடினால் கனமாக இருக்கும் என்று புத்தகம் போகிறது. மரக்கிளைக் கதை சர்க்கரையை விளக்குகிறது, சரி. ஆனால் மிஞ்சிய டெக்ஸ்ட்ரின்தான் வாயில் கனமாகத் தெரிகிறது என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய வேறொரு கூற்று. உவமை அவ்வளவு நன்றாக இருப்பதால் அந்தத் தாவல் நம் கண்ணில் படுவதில்லை. நம்மிடம் ஹைட்ரோமீட்டர் வேறு இருக்கிறது. நொதித்து முடிந்தபின் 1.008 காட்டினால் மெலிசு, 1.014 காட்டினால் கெட்டி என்று எண்ணையே ருசியாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். அளக்க முடிந்ததை, அளக்க விரும்பியதாக எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் தினம் பார்க்கிற வியாதி.

டெக்ஸ்ட்ரின் கேள்வியை கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 1989-லேயே நேராகச் சோதித்திருக்கிறது. சாதாரண பியரில் இருக்கும் அளவில் டெக்ஸ்ட்ரின் வாயுணர்வுக்குத் தரும் பங்கு சிறியது என்றே முடிவு வந்தது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வாயுணர்வை மூன்றாகப் பிரித்தார்கள்: கரியமில வாயுவின் குத்தல், நிறைவு, விழுங்கியபின் தங்குவது. உடம்பு என்று நாம் சொல்லும் ஒற்றைச் சொல் இந்த மூன்றிலும் கால் வைத்திருக்கிறது.

நானும் பார்த்தேன். ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட், ஆரம்ப அடர்த்தி இரண்டுக்கும் 1.052. ஒன்றை 65 டிகிரியிலும் மற்றதை 69-லும் மாஷ் செய்தேன். நொதித்தபின் 1.009, 1.014. மூன்று கோப்பையில் இரண்டு ஒன்று, ஒன்று வேறு என்று வைத்து, வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் முக்கோணச் சோதனை. ஒன்பது பேரில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் மூன்று பேர்தான் வருவார்கள். ஒன்பது பேர் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹைட்ரோமீட்டர் இவ்வளவு சத்தமாகச் சொன்ன வித்தியாசம் நாக்கில் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டாமா?

கோப்பைக்கு வரும்போது அந்த வித்தியாசமே சுருங்கியும் போயிருந்தது. லிட்டருக்கு 4 கிராம் ஹாப்ஸை, நொதித்து முடிந்தபின் பச்சையாகப் போட்டேன். ஆறு நாளில் 1.009 என்பது 1.008 ஆனது. 1.014 என்பது 1.011.

இங்கேதான் இரண்டாவது புத்தகம் வருகிறது. ஸ்காட் ஜானிஷின் 'தி நியூ ஐபிஏ', 2019. ஜானிஷ் வீட்டில் காய்ச்சி, ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து வலைப்பதிவில் எழுதிவந்தவர். பிறகு மேரிலாந்தில் சேப்வுட் செல்லர்ஸ் என்ற காய்ச்சாலையை ஒரு நண்பரோடு தொடங்கினார். ஹாப்ஸிலேயே மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன, அவை மிஞ்சிய டெக்ஸ்ட்ரினை உடைத்து ஈஸ்ட்டுக்குத் தீனி போடுகின்றன என்பதை இந்தப் புத்தகம் விரிவாகப் பேசுகிறது. இன்று இதற்கு ஹாப் க்ரீப் என்று பெயர். புதுசு ஒன்றும் இல்லை. 1893-லேயே பிரிட்டனில் பிரௌன், மோரிஸ் என்ற இருவர் எழுதிவைத்து, பிறகு எல்லாரும் மறந்த சமாசாரம். 2018-ல் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட் ஹாப்ஸை வைத்து மறுபடி தோண்டி எடுத்தார்கள். பாமரின் இணையப் பதிப்பு வந்த காலத்தில் வீட்டுக்காரர்கள் போட்ட ஹாப்ஸ் கொஞ்சம். இது பெரிதாகக் கண்ணில் பட்டிருக்காது.

மெலிசாக இருப்பதைவிட இதில் பெரிய விஷயம் பாட்டில். அடர்த்தி ஒரு புள்ளி இறங்கினால் ஏறக்குறைய பியரின் பாதி கொள்ளளவு கரியமில வாயு உண்டாகும். மூன்று புள்ளி மிச்சமிருக்கும்போது மூடி போட்டால், வழக்கமான இரண்டரையோடு இன்னொரு ஒன்றரை சேர்ந்து நாலு. சாதாரண பியர் பாட்டில் அதற்குச் செய்யப்பட்டதில்லை. அலமாரியில் கண்ணாடி வெடிக்கும். ஹாப்ஸ் போட்டபின் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் வருகிற வரை மூடி போடாதீர்கள்.

ஜானிஷிடம் என் குறை வேறு. கட்டுரைக்குப் பின் கட்டுரையாக அடுக்குகிறார். ஒன்று லாகரில் செய்தது, இன்னொன்று மாதிரிக் கரைசலில், மற்றொன்று பெரிய ஆலையில். எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று படிக்கிறவனே தீர்மானிக்க வேண்டும். பாமரிடம் ஒரு கதை அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ஜானிஷிடம் கதையே இல்லை, தரவு மட்டும் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு இரண்டாவது தொல்லை பரவாயில்லை. ஆனால் முதன்முதலாகக் காய்ச்சப்போகிறவர் கையில் அதைக் கொடுக்கமாட்டேன். பயந்துவிடுவார்.

அடுத்த முறை மாஷை 67-லேயே விட்டுவிட்டேன். மால்ட்டில் பத்து சதவீதம் எடுத்துவிட்டு அவல் மாதிரித் தட்டிய ஓட்ஸ். அதன் பீட்டா குளுக்கனும் புரதமும் கொழகொழப்பைக் கொடுக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கால்சியம் குளோரைடு. குளோரைடு நிறைவைக் கூட்டும், சல்ஃபேட் கசப்பை வறட்சியாக்கும் என்பது காய்ச்சுகிறவர்களின் பழைய அனுபவம். வாயுவை 2.6-லிருந்து 2.3-க்கு இறக்கினேன். இதை 65 டிகிரி பியரோடு முக்கோணத்தில் வைத்தபோது ஒன்பதில் ஏழு பேர் பிரித்துச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் அப்படி நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

மூன்றில் எது வேலை செய்தது என்று கேட்டால், இந்தச் சோதனை சொல்லாது. மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். ஒரு முறை காய்ச்சி ஆற நாலு வாரம், தனித்தனியாகப் பார்க்க ஒரு வருடம் வேண்டும். என் ஊகம் வாயுவின் மேல்தான். அதைச் சோதிக்கப் புதிதாகக் காய்ச்சவே வேண்டாம், ஒரே பியரை இரண்டு அழுத்தத்தில் வைத்தால் போதும். சின்னக் கேக் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன்.