மின் விளக்கின் பிறப்பிடத்தைப் பார்க்கும் விதம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், டியர்பார்ன் நகரில், ஹென்றி ஃபோர்டு நிறுவிய கிரீன்ஃபீல்டு கிராமத்துக்குப் போகிறவர்களில் பலர், தாமஸ் எடிஸனின் மென்லோ பார்க் ஆராய்ச்சிச்சாலையின் மாடியில் ஏறியதும் விளக்கைத் தேடி, அதைக் கண்டவுடன் வந்த காரியம் முடிந்ததென்று இறங்கிவிடுகிறார்கள். 1879-ஆம் வருஷம் அக்டோபரில் எரிந்ததைப் போன்ற அந்தக் கரிநூல் விளக்கைக் கடைசியாகப் பார்ப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கட்டடம் நியூஜெர்ஸியில் இருந்த மூலக் கட்டடமன்று. எஞ்சிய பலகைகளையும், அவ்விடத்து மண்ணையுங்கூடக் கொண்டுவந்து ஃபோர்டு மறுபடி எழுப்பியது. 1929 அக்டோபர் 21-ஆம் தேதி முதிய எடிஸனே இங்கு வந்து, ஜனாதிபதி ஹூவர் முன்னிலையில் பழைய பரிசோதனையைத் திரும்பச் செய்து காட்டினார். அவர் உட்கார்ந்த நாற்காலியை ஃபோர்டு அதே இடத்தில் தரையோடு ஆணியடித்துவிட்டார். மறு நிர்மாணந்தானே என்று அலட்சியம் செய்வது தவறு. பொருள்கள் ஒன்றுக்கொன்று எவ்விதம் துணை நின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் அபூர்வம்.

ஆகவே முதலில் பாதரசப் பம்பின் அருகே சற்று அதிக நேரம் நில்லுங்கள். கரியாக்கிய நூலில் மின்சாரம் பாய்ந்தால் ஒளி பிறக்கும் என்பதைப் பலர் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஜோஸப் ஸ்வான் அதே காலத்தில் அதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். ஆனால், பிராணவாயு இருந்தால் கரி சீக்கிரத்தில் எரிந்து அற்றுப்போகுமாதலால், குமிழிலிருந்து காற்றை வெளியேற்றும் வித்தை கைவரும் வரையில் அந்த அறிவு வீட்டு விளக்காக மாறவில்லை. குறுகிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் துளித்துளியாக விழ, துளிகளுக்கிடையே அகப்பட்ட காற்று கீழே இழுபட்டுப் போகும். விழுந்த பாதரசத்தை மீண்டும் மீண்டும் மேலே ஊற்றிய ஃபிரான்ஸிஸ் ஜெல் போன்ற இளைஞர்களின் பிரயாசையும் அந்த ஒளியில் கலந்திருக்கிறது. பழைய குமிழ்களின் நுனியில் சிறு கூர்முனை இருப்பதைக் கவனியுங்கள். காற்றை இழுத்தபின் குழாயை உருக்கி மூடிய இடம் அது.

அடுத்தது, 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின் நிலையத்தைச் சேர்ந்த ஜம்போ டைனமோ. 1890-இல் நேர்ந்த தீவிபத்துக்குத் தப்பி இங்கே நிற்கும் இந்த ராட்சத இயந்திரம் ஏறக்குறைய 27 டன் எடையுள்ளது. ஓர் இயந்திரம் சுமார் 1,200 விளக்குகளுக்கு மின்சாரம் தந்தது.

எனக்கு இவற்றிலெல்லாம் பிரியமானது அக்காலத்து மீட்டர். துத்தநாக உப்புக் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டில் செலவாகும் மின்சாரத்தின் ஒரு சிறு பகுதி அதன் வழியே செல்ல, ஒரு தகடு கரைந்து மற்றது கனக்கும். மாதந்தோறும் தகடுகளைத் தராசிலிட்டு நிறுத்துக் கட்டணம் கணக்கிட்டார்கள். முள்ளும் எண்ணும் சக்கரமும் இல்லாமல், வெறும் எடையைக் கொண்டே கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை அளந்த அந்த யுக்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இவற்றைப் பார்த்துவிட்டு விளக்கிடம் வாருங்கள். நெடுநேரம் எரிந்த பழைய குமிழ் கிடைத்தால், உட்புறத்தில் படிந்த கருமையை உற்று நோக்குங்கள். அந்தக் கருமையை ஆராயப் புகுந்த எடிஸன், சூடான இழையிலிருந்து வெற்றிடத்தின் வழியே மின்சாரம் கடப்பதைக் கண்டார்; அந்த நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டே 1904-இல் ஃபிளெமிங் என்ற விஞ்ஞானி வானொலிக்கு உதவிய வால்வைச் செய்தார்.