மின்புலக் கோடும் சமமின்னழுத்தப் பரப்பும்: கலைச்சொல்லும் வினைச்சொல்லும்

அறிவியல் தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களோடு நின்றுவிடுகின்றன. அப்பெயர் தொடரில் எவ்வினையோடு இயைகிறது என்பது போதிய கவனம் பெறுவதில்லை. மேல்நிலைப் பள்ளி இயற்பியலில், நிலைமின்னியல் பகுதியில் வழங்கும் இரு தொடர்கள் இக்குறையை நன்கு புலப்படுத்துகின்றன.

'மின்விசைக் கோடுகள்' என்னும் பழைய வழக்கு மைக்கேல் ஃபாரடேயின் ஆங்கிலத் தொடரை அடியொற்றியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பின்னர் 'மின்புலக் கோடுகள்' இடம்பெற்றது வரவேற்கத்தக்கது. விசை, ஓரிடத்தில் வைக்கப்பட்ட மின்னூட்டத்தின்மீது செயற்படுவது; புலமோ அதற்கு முன்னரே அவ்விடத்தின் பண்பாக அமைவது. வயல், இடம், திசை எனப் பொருள்படும் 'புலம்' இக்கருத்தை இயல்பாகவே தாங்குகிறது.

எனினும், கோடுகள் நேர்மின்னூட்டத்திலிருந்து 'புறப்பட்டு' எதிர்மின்னூட்டத்தைச் 'சென்றடைகின்றன' என எழுதினால் இப்பயன் கெடுகிறது. மாணவர் கோட்டைத் துகள் செல்லும் பாதையாகவே கொள்வர். உண்மையில், கோட்டின் ஒரு புள்ளியில் வரையப்படும் தொடுகோடே அங்குள்ள புலத்தின் திசையைத் தரும். விசை முடுக்கத்தின் திசையை வரையறுக்கிறதேயன்றித் திசைவேகத்தின் திசையை அன்று. ஆதலின், ஓய்விலிருந்து விடப்பட்ட துகளும் வளைந்த கோட்டின் வழியே செல்வதில்லை. 'தொடங்கி முடிகின்றன' என்பது எல்லையை மட்டும் சுட்டுவதால் பொருந்தும். 1855-56இல் மாக்ஸ்வெல் இக்கோடுகளைப் பாய்ம ஓட்டத்தோடு ஒப்பிட்டார். ஆனால் அது ஒப்புமையே என்பதை வெளிப்படையாகக் கூறினார்.

'சமமின்னழுத்தப் பரப்பு' வேறுவகைச் சிக்கலுடையது. 'அழுத்தம்' என்பது பாய்மங்களின் அழுத்தத்தையும் குறிப்பதால், புவியியலில் பயின்ற 'சம அழுத்தக் கோடு' நினைவுக்கு வருகிறது. உயர் வளிமண்டலத்தில் காற்று அக்கோடுகளுக்கு ஏறத்தாழ இணையாக வீசுகிறது. மின்புலமோ சமமின்னழுத்தப் பரப்புக்குச் செங்குத்தாக அமைகிறது. மேலும், இயந்திரவியலின் 'நிலை ஆற்றல்' என்பதோடு மின்னழுத்தத்திற்குள்ள உறவும் சொல்லளவில் மறைந்துவிடுகிறது.

நாளிதழ்களிலும் மின்வாரிய வழக்கிலும் வேரூன்றிவிட்ட 'மின்னழுத்தம்' என்னும் சொல்லை மாற்றுவது இனி இயலாது, மாற்ற வேண்டுவதுமில்லை. விளக்கத் தொடரே அக்குறையை ஈடுசெய்ய வேண்டும். அதற்குப் புவியியலின் 'சம உயரக் கோடு' ஏற்ற துணையாகும். சம உயரக் கோட்டின் வழியே செல்லும் பொருளின்மீது புவியீர்ப்பு வேலை செய்வதில்லை. அவ்வாறே, சமமின்னழுத்தப் பரப்பின் மீது நகரும் மின்னூட்டத்தின்மீது மின்புலம் வேலை செய்வதில்லை. பரப்பின் வழியே புலத்திற்கு ஒரு கூறு இருப்பின் வேலை நிகழ்ந்துவிடும். எனவே புலம் பரப்புக்குச் செங்குத்து என்பது தனியே மனனம் செய்ய வேண்டிய விதியாக இல்லாமல், வரையறையிலிருந்தே பெறப்படும் முடிவாகிறது.

ஆகவே, கலைச்சொல் அகராதிகள் பெயருக்கு நிகரான பெயரைத் தருவதோடு அமையாமல், அது ஏற்கும் வினைகளையும் ஏலாத வினைகளையும் எடுத்துக்காட்டுத் தொடர்களால் காட்டுதல் வேண்டும். தகுந்த சொல்லும் தகாத வினையோடு சேருமிடத்துப் பிழைபட்ட கருத்தையே கற்பிக்கும் என்பது மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ளத்தக்கது.