மேசை இல்லாத சாப்பாட்டுக்கு மைனஸ் மூன்று

விண்கலம் உடைந்து மூன்று பேர் பெயர் தெரியாத ஒரு கோளில் வந்து விழுகிறார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது. கையில் இருப்பது ஒரு ரைஃபிள், ஒரு ரிவால்வர், ஒரு கத்தி, கொஞ்ச நாள் தாங்கக்கூடிய பொட்டல உணவு. ரிம்வேர்ல்ட் வழக்கமாக இப்படித்தான் தொடங்குகிறது. அந்த மூவரின் மனநிலைக் கணக்கைத் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே 'மிக மிகக் குறைந்த எதிர்பார்ப்பு' என்று பிளஸ் 30 நிற்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. குடியிருப்பின் சொத்து மதிப்பு ஏற ஏற இந்த 30 படிப்படியாக இறங்கி, கடைசியில் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

டைனன் சில்வெஸ்டரின் லூடியான் ஸ்டுடியோஸ் 2018 அக்டோபரில் முழுப் பதிப்பாக வெளியிட்ட விளையாட்டு இது. குடியிருப்பு கட்டும் விளையாட்டுகள் பலவற்றில் மக்களின் மகிழ்ச்சி ஊருக்கே பொதுவான ஒரு சதவீதமாக இருக்கும். பூங்கா ஒன்று கட்டினால் ஏறும், வரியைக் கூட்டினால் இறங்கும். இங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேரேடு. ஆளைத் தேர்ந்தெடுத்து 'நீட்ஸ்' பகுதியைத் திறந்தால், அவர் மனதில் ஓடுவதெல்லாம் எண்களோடு வரிசையாக வரும். மேசையில்லாமல் சாப்பிட்டார், மைனஸ் 3. பச்சையாகத் தின்றார், மைனஸ் 7. இருட்டில் நிற்கிறார், யாரோ நடந்து தூக்கத்தைக் கெடுத்தார், செத்த உடலைப் பார்த்தார். மனநிலைப் பட்டையின் ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். மனம் இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பட்டை சொல்லும். எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை முக்கோணம் சொல்லும். பழகியவர்கள் முக்கோணத்தைத்தான் பார்ப்பார்கள்.

பட்டை 35 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. உடனே எதுவும் நடந்துவிடாது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். அறைக்குள் முடங்கிக் கிடப்பார், கண்டபடி தின்பார், எதிரில் வருகிறவர்களைத் திட்டித் தீர்ப்பார். 20-க்குக் கீழே போனால் பொருட்களை உடைப்பார். 5-க்குக் கீழே கொலைவெறி வரை போகலாம். குணங்கள் இதில் பெரிய வித்தியாசம் செய்கின்றன. இரும்பு மனம் கொண்டவருக்கு இந்த எல்லைகள் தாழ்வாக இருக்கும். எளிதில் கொதிப்பவருக்கு உயரமாக இருக்கும். தீ வைக்கும் பழக்கம் உள்ளவர் எவ்வளவு திறமைசாலி ஆனாலும் நான் சேர்த்துக்கொள்வதில்லை. மர வீடுகள் நிறைந்த ஊரில் அவர் ஒருவரால் எல்லாமே சாம்பலாகலாம்.

புதிதாக ஆடுகிறவர்கள் ஆள் மூட் அவுட் ஆனதும் தங்கச் சிலை, பெரிய படுக்கையறை என்று செலவு செய்யப் போகிறார்கள். அது தலைகீழ் வைத்தியம். சொத்து கூடினால் எதிர்பார்ப்பு ஏறும். அதோடு, கொள்ளையடிக்க வருகிற கூட்டமும் உங்கள் சொத்துக்கு ஏற்பத்தான் பெருகும். மலிவான நிம்மதிகளில் இருந்து தொடங்குவதே சரி. நான் முதலில் போடச் சொல்வது ஒரு மேசையும் நாற்காலிகளும். சுரங்கம் தொலைவில் இருந்தால் அங்கேயும் ஒன்று. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோகிறவர் பாறை மேல் உட்கார்ந்து தின்றுவிட்டு நாள் முழுக்க அந்த மைனஸ் 3-ஐச் சுமந்து திரிவார்.

அடுத்தது சமையல். சாதாரணச் சாப்பாட்டுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் ஆகும் மூலப்பொருள் ஒரே அளவுதான். பாதி காய்கறியாகவும் பாதி இறைச்சியாகவும் இருக்க வேண்டும், சமையல்காரரின் திறன் 6-ஐத் தொட்டிருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. அதற்குப் பதிலாக, சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் பிளஸ் 5. விருந்துச் சாப்பாடு பிளஸ் 12 தரும்தான், ஆனால் மூலப்பொருளை இரட்டிப்பாக விழுங்கும். களஞ்சியம் நிரம்பி வழியாதவரை அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

பிறகு பொழுதுபோக்கு. இந்தப் பகுதியின் வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். லாடம் எறிகிற ஒரு கம்பை நட்டுவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. ஒரே வகை ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால் சலிப்பு சேர்ந்து, அதில் கிடைக்கும் இன்பம் குறைந்துகொண்டே போகும். சதுரங்கப் பலகை போல வேறு வகைகளும் வேண்டும். நேர அட்டவணையில் 24 மணி நேரத்துக்கும் நிறம் பூசலாம். தூங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் பொழுதுபோக்குக்கு என்று ஒதுக்கினாலே ஊரின் முகம் மாறிவிடும். உணவறையையும் விளையாட்டறையையும் ஒரே பெரிய அறையாக்கி, தரையைப் பெருக்கி, நல்ல சிற்பம் ஒன்றை வைத்தால், அந்த ஒரே அறை சாப்பிடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் தனித்தனியாக மதிப்பு சேர்க்கும். பத்துப் பேருக்குப் பத்துப் பெரிய படுக்கையறை கட்டுவதைவிட இது எவ்வளவோ சிக்கனம்.

மனம் உடைந்த ஒருவர் தெளிந்து வரும்போது 'மனப்பாரம் இறங்கியது' என்ற பொருளில் பிளஸ் 40 கிடைக்கும். இரண்டரை நாள் நீடிக்கும். அழுது தீர்த்தவருக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் உண்டு என்பதை ஒரு விளையாட்டு புரிந்துவைத்திருக்கிறது. அது வெறும் கருணையாகவும் நிற்கவில்லை. ஒரு கஷ்டம் அடுத்த கஷ்டத்தை இழுத்து ஊரே அடுத்தடுத்துச் சரிவதை இந்த 40 பல முறை தடுத்து நிறுத்துகிறது.

ஆனால் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாம் கடைசியில் ஒரே கூட்டலில் போய் விழுகிறது. மனைவியை இழந்தவரின் துக்கமும் மேசை இல்லாத எரிச்சலும் ஒரே பட்டையில்தான் கழிகின்றன. நல்ல சாப்பாடும் அழகான கூடமும் சேர்ந்தால் சாவின் எண்ணை ஈடுகட்டிவிடலாம். துக்கத்துக்கு எண் பெரிது, நாட்களும் அதிகம் என்பதைத் தவிர அதற்கென்று தனித்தன்மை எதுவும் கிடையாது. இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள் இழப்பை வேறொரு தளத்தில் வைத்திருக்கலாம். மதுவும் போதைப்பொருளும் மனநிலையை ஏற்றுவது இன்னொரு குறுக்குவழி. ஆனால் அதற்கு அடிமைத்தனம் என்ற விலையை விளையாட்டு கறாராக வசூலிப்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மேலிருந்து பார்க்கும் எளிய இருபரிமாணப் படம்தான் என்பதால் சுமாரான கணினியிலும் ஓடும். ஆட்களும் விலங்குகளும் பெருகிய பிறகு வேகம் குறைவதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த ராயல்டி முதல் விரிவாக்கங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. பட்டம் பெற்றவர் தனக்கென்று அரியணைக் கூடம் கேட்கும் சிக்கலெல்லாம் ராயல்டியில் உண்டு. முதலில் மூல விளையாட்டை மட்டும் வாங்குங்கள். எப்போது என்ன நடக்கும் என்று தீர்மானிக்கும் கதை நடத்துநராக, ஆபத்துகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விடும் ஃபீபியைத் தேர்ந்தெடுங்கள். எதிரிகளின் தொல்லை குறைவாக இருக்கும்போதுதான் அந்த மனநிலைப் பேரேட்டை வரி வரியாகப் படிக்க நேரம் கிடைக்கும்.