மயிலுக்குப் போர்வை

மிருகங்களை எனக்குப் பிடிக்காது. நாய் கிட்டே வந்தால் காலை இழுத்துக்கொள்வேன். பூனை படுத்து எழுந்த நாற்காலியில் உட்கார மாட்டேன். கோயில் யானை துதிக்கையைத் தலையில் வைப்பதற்காக ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது ஒருவித அலுப்புதான் ஏற்படுகிறது. கடவுள் இல்லை என்று எழுத்தாளர்கள் கூடுமிடத்தில் இன்று ஒருவர் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாய் பிடிக்காது என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கவிதை, உங்கள் அரசியல், வீட்டில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். மிருகப் பிரியம் இன்று ஒரு நன்னடத்தைச் சான்றிதழாகியிருக்கிறது. அதைக் கேட்கிறவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது, இலக்கியத்தில் அது என்ன செய்கிறது என்பதே இங்கு என் விஷயம்.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்துவிடுகிறேன். பிடிக்காமலிருப்பது வேறு, வதைப்பது வேறு. நான் எந்த நாயையும் கல்லெடுத்து அடித்தவனில்லை. பிடிக்காதவன் விலகிப் போகிறான், அவ்வளவுதான். மூச்சுவிடவே திணறும்படி சப்பை மூக்காக இனவிருத்தி செய்யப்பட்ட பக் நாய், 2003-ல் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிவந்ததும், வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்ததே, அது பிரியத்தின் காரியம். என்னைப்போன்றவர்கள் அந்தப் பாவத்தில் சேரவில்லை.

1990களின் பிற்பகுதியில் மூன்று வருஷம் சித்தேரி மலையில் பள்ளிக்கூட வேலை பார்த்தேன். அரூரிலிருந்து ஏறிப்போகும் மலை. இருப்பவர்கள் மலையாளிகள் — கேரளத்துக்காரர்களல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று கதை சொல்லும் மலைக்குடிகள். சாமை, கேழ்வரகு, பிறகு மரவள்ளி. வீட்டுக்கு வீடு ஆடு, கோழி. காட்டுப்பன்றிக்குக் காவலாக நாய். மிருகங்களுக்கு இவ்வளவு நெருக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் வாழ்ந்ததில்லை. ஆனால் அங்கேதான் என் வெறுப்பு யாருக்கும் பொருட்டாக இல்லாமல் இருந்தது. நாயைத் தள்ளிக் கட்டுங்கள் என்றால் தள்ளிக் கட்டினார்கள். ஏன் சார், பாவமில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் நாயை நேசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. சோறு வைத்தார்கள், வேலை வாங்கினார்கள், செத்தால் புதைத்தார்கள். பத்திரிகை ஒன்றில் ஒரு சினிமா நடிகை நாய்க்குட்டியைக் கையில் ஏந்தியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாள், “அத எதுக்குங்க சார் தூக்கிக்கிட்டு நிக்குது? அதுக்குக் காலு இல்லீங்களா?” என்று கேட்டாள். நான் படித்த அழகியல் நூல்களில் இதற்கு இணையான கேள்வி அதிகமில்லை.

‘செல்லப் பிராணி’ என்ற சொல் அங்கே யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. பத்திரிகைக்காரர்கள் செய்த சொல்லாகத்தான் அது எனக்குப் படுகிறது. ‘வாயில்லா ஜீவன்’ என்பது அதைவிட மோசம். ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் இரவு படுத்தவன் அப்படிச் சொல்லமாட்டான். மிருகத்தின் வாயைப் பிடுங்கிவிட்டு, அதற்காக நாம் பேசுகிறோம் என்று கிளம்புவதற்கு வசதியான பிரயோகம் இது. நம் கதைகளில் வரும் நாயும் பசுவும் பெரும்பாலும் இந்த வாயில்லாத ஜாதியைச் சேர்ந்தவை. கதாநாயகன் துக்கப்படும்போது முகத்தைப் பார்க்கும். அவன் நல்லவன் என்று வாசகனுக்குச் சாட்சி சொல்லும். மறுத்துப் பேசாத பாத்திரத்தைவிட எழுதுகிறவனுக்குச் சௌகரியமானது எது?

நம் மரபில் மிருகப் பிரியனின் மூல விக்கிரகம் பேகன். குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். பள்ளிக்கூடத்தில் இதோடு பாடம் முடிந்துவிடுகிறது. புறநானூற்றில் இது முடிவதில்லை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதே பேகனிடம் போகிறார்கள். பொருள் கேட்டு அல்ல. அவன் பிரிந்துவிட்ட மனைவி கண்ணகி அழுதுகொண்டிருக்கிறாள், அவளிடம் திரும்பிப் போ என்று சொல்வதற்காக. (இவர்களில் அரிசில் கிழார் நம் தகடூர்ப் போரை வென்ற சேரனைப் பாடியவர், பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவருடையது.) பரணரின் பாட்டொன்றில் மயிலும் மனைவியும் ஒரே மூச்சில் வருகிறார்கள். மயிலுக்குப் போர்வை தந்த புகழை முதலில் சொல்லி, எங்களுக்குப் பசியில்லை, சுமக்கச் சுற்றத்தின் பாரமும் இல்லை, இன்றிரவு தேரேறி அவள் துயரைத் தீர்த்துவை என்கிறார். புகழா, இடித்துரைப்பா என்று பிரிக்கமுடியாத இடம். மயிலிடம் சுரக்கும் கருணை மனுஷியிடம் சுரக்க வேண்டிய அவசியமில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மயில் கேள்வி கேட்காது, கண்ணகி கேட்பாள். பாட நூல்கள் போர்வையை வைத்துக்கொண்டு கண்ணகியைக் கத்தரித்ததுதான் நம்முடைய ஜீவகாருண்யக் கல்வி.

போர்வை கொடுக்காத மரபும் நம்மிடம் இருந்திருக்கிறது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக்குரிய நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்று எழுத்தும் இருக்கிறது. நாய் அழகாயிருந்தது, எஜமானனைப் பார்த்து வாலாட்டியது, அவன் பிரிவில் சோறு தின்னாமல் கிடந்தது — ஒன்றும் கிடையாது. என்ன செய்தது என்பது மட்டும். எனக்கு நாயைப் பிடிக்காமலிருந்தும் இந்தக் கல்லின்முன் மரியாதை தோன்றுகிறது.

மலையாளிகளின் தோற்றக் கதை ஒன்றில் நாய் இன்னும் விசித்திரமாக வருகிறது. காஞ்சியை விட்டுக் கிளம்பியவர்களின் நாய்கள் மட்டும் வீடு திரும்பிவிடுகின்றன. அதைக் கண்ட பெண்கள் புருஷர்கள் இறந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். நாயின் விசுவாசமே குடியைக் கெடுக்கிறது. இதை எழுதக்கூடிய ஒரு சிறுகதைக்காரன் நம்மிடம் இருக்கிறானா என்று தெரியவில்லை.

நவீன எழுத்துக்கு வருகிறேன். தேவர் பிலிம்ஸ் யானையையும் ஆட்டையும் வைத்து என்ன செய்தது என்பது நமக்குத் தெரிந்ததே. 1967-ல் ‘தெய்வச் செயல்’, அதை இந்திக்குக் கொண்டுபோய் 1971-ல் ‘ஹாத்தி மேரே சாத்தி’, திரும்பத் தமிழில் 1972-ல் ‘நல்ல நேரம்’, 1977-ல் ‘ஆட்டுக்கார அலமேலு’. வில்லனை முட்டும் ஆடு. அதை விமர்சிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் சிறுபத்திரிகை சார்ந்த எழுத்தில் நாய் வேறுமாதிரி நடமாடியது. நகுலனின் ‘நாய்கள்’ நாவல் 1974. பசுவய்யாவின் முதல் கவிதைத் தொகுதி ‘நடுநிசி நாய்கள்’ 1975. இரண்டிலும் நாய் யாருக்கும் செல்லமில்லை. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞ’னில் மிருகமே கிடையாது, பிழைப்புக்காக ஒரு மனிதன் புலியாகிறான், ஒரு கணம் பார்ப்பவர்களுக்கு மனிதன் மறைந்துபோகிறான், பிறகு பசியோடு காலில் விழுகிறான். மிருகத்தைப்பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் அசலானவை என்று நான் கருதுவதில் இது ஒன்று.

செல்லப்பாவின் ‘வாடிவாச’லை இப்போது திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தபோதும், 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோதும், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டத்தை ஒப்புக்கொண்டபோதும், இரு தரப்பும் பேசியது ஒரே பாஷைதான்: நாங்களே காளையை நேசிக்கிறவர்கள். செல்லப்பாவின் கதையில் அந்தப் பாஷை செல்லுபடியாகாது. பிச்சிக்குக் காரி, அப்பனைக் குத்திய மாடு. ஜமீன்தாருக்கோ அது மானம்; மானம் போனபின் சுட்டுவிடுகிறார். வளர்த்த கைதான் சுடுகிறது. மாட்டின்மேல் பிரியமில்லாமல், ஆனால் மாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுதியிருக்கிறார் செல்லப்பா. கண்ணை எடுக்காமலிருப்பது பிரியத்தைவிடச் சிரமமான காரியம்.

இதற்கு எதிர்முனையில் இன்று மிகப் பரவலாக வாசிக்கப்படும் ‘யானை டாக்டர்’ (2011). ஜெயமோகனின் ‘அறம்’ வரிசைக் கதைகளில் ஒன்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மை மனிதரைக் கருவாகக் கொண்டது. கதையின் வலு எனக்குத் தெரியும். அழுகிய யானைப் பிணத்தை அறுக்கும் கட்டமும், புழுக்களும், கதைசொல்லிக்கு ஏற்படும் குமட்டலும் தமிழில் அபூர்வமானவை. அருவருப்பை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் குறைவு. என் புகார் அதற்குப் பிறகு தொடங்குகிறது. அருவருப்பு இங்கே ஒரு வியாதி. டாக்டர் அதையும் குணப்படுத்துகிறார். குணமானவன் மேலான மனிதனாகிறான். குணமாக விரும்பாதவனுக்கு இந்தக் கதையில் இடமில்லை. அவன் யானைக் காலில் பீர் பாட்டிலை உடைத்துப் போடும் கும்பலோடு சேர்க்கப்பட்டுவிடுகிறான்.

இன்னொன்று. கதையைச் சொல்கிறவன் வனத்துறை அதிகாரி. டாப்ஸ்லிப்பில் இருந்து பார்த்தால் அது காட்டின்மேல் காதல் கொண்ட ஒரு இளைஞனின் குரலாகக் கேட்கலாம். சித்தேரியில் உட்கார்ந்து படித்தால் அப்படிக் கேட்பதில்லை. மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த ஊருக்குள் புகுந்தவர்கள்மீது தொடரப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 155 பேர் வனத்துறையினர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிந்தன, கால்நடைகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொல்லும்போது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு வருஷம். ஒரு கதையை ஒரு துறையின் குற்றத்துக்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை என்பதை அறிவேன். நான் அதைச் செய்யவில்லை. காட்டையும் மிருகத்தையும் நேசிப்பவனின் குரல் எப்போதும் காக்கிக்குள்ளிருந்தோ ஜீப்பிலிருந்தோ வருகிறது, காட்டில் குடியிருப்பவனின் குரலுக்கு அந்தக் காதலில் பங்கு கிடைப்பதில்லை என்பதையே சொல்கிறேன். நான் அங்கிருந்த வருஷங்களில் ‘பாரஸ்ட்’ என்ற சொல்லுக்குச் சித்தேரியில் மரம் என்று அர்த்தமில்லை. ஆள் என்று அர்த்தம்.

ஹிட்லர் நாய்ப் பிரியன் என்ற தேய்ந்த வாதத்தை எடுக்கப் போவதில்லை. அதைவிடக் கூர்மையான செய்தி விக்டர் கிளெம்பெரரின் நாட்குறிப்பில் இருக்கிறது. 1933 நவம்பரில் மிருக வதைத் தடைச் சட்டம் கொண்டுவந்த அதே அரசு, 1942-ல் யூதர்கள் வளர்ப்பு மிருகம் வைத்துக்கொள்ளக் கூடாதென்று உத்தரவிட்டது. கிளெம்பெரரும் அவர் மனைவியும் தங்கள் கிழட்டுப் பூனையைத் தாங்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். மிருகங்களைக் காக்கும் சட்டமும், யாருடைய மிருகம் என்று பார்த்துத்தான் காக்கிறது.

நம் ஊரிலும் அதற்குச் சின்ன அளவில் உதாரணமுண்டு. 1950-ல் எழுதித் தூங்கிக்கிடந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-ல் எழுப்பினார்கள். அடுத்த வருஷமே ரத்து செய்தார்கள். இடையில் குற்றவாளியானவன் முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிறவன். பிரியாணிக் கடை சட்டத்துக்கு வெளியே இருந்தது.

தெருநாய் விவகாரத்திலும் இதே கணக்குத்தான். டில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் ஒரு அமர்வு 2025 ஆகஸ்ட் 11 அன்று சொன்னது. 22ஆம் தேதி இன்னொரு அமர்வு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி அதை மாற்றியது. நடுவிலிருந்த பதினோரு நாளில் எழுதப்பட்ட கவிதைகளைப் படித்தேன். கடிபட்டவன் எந்தக் கவிதையிலும் இல்லை. உலகத்து ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சந்தேகத்துக்குரிய மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோய் தெரிந்துவிட்டால் பிறகு வைத்தியம் கிடையாது என்றே சொல்லலாம். தெரியுமுன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்: 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள், அதாவது கூலிக்காரனுக்கு நான்கு நாள் கூலி. நாய்களைக் கொல்ல வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கருத்தடை ஒழுங்காக நடந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும் என்பவர்களோடு எனக்குச் சண்டையுமில்லை. கார்க் கண்ணாடியை இறக்கி பிஸ்கட் போடுகிறவன், அதே தெருவில் நடந்துபோகிறவனைக் கருணையற்றவன் என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

மிருகக் கதைகள் இந்தப் பத்து வருஷத்தில் பெருகியிருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘மாதொருபாகன்’ கலவரத்துக்குப் பிறகு, 2015 ஜனவரியில் எழுதுவதை விட்டுவிட்டதாக அறிவித்த பெருமாள்முருகன், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2016-ல் வெளியிட்ட நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம், மிருகங்களிலும் மாடும் பன்றியும் ஆகாது, மிஞ்சியது ஆடு என்ற பொருள்பட முன்னுரையில் அவரே சொல்கிறார். அதைக் கேலியாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் நிலவரமாக எடுத்துக்கொள்கிறேன். மனிதனை எழுதவிடாத ஊரில் ஆடு பாத்திரமாகிறது. அதற்கு மனிதன் பட வேண்டிய துக்கத்தையெல்லாம் ஏற்றுகிறார்கள். பூனாச்சி காதலிக்கிறது, பிரிகிறது, ஏங்குகிறது.

அவரே 2000-ல் எழுதிய ‘கூளமாதாரி’யில் ஆடு இவ்வளவு சுமக்கவில்லை. கவுண்டர் காட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்ட சிறுவர்கள் மேய்க்கும் ஆடுகள் அவை. ஆட்டுக்குப் பையன் பொறுப்பு. பையனுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆடுகள் புழுக்கை போடுகின்றன, பயிரில் வாய் வைக்கின்றன, தொலைகின்றன. எழுதியவருக்கு ஆடு பிடிக்குமா, பிடிக்காதா என்று கடைசிவரை தெரிவதில்லை. ‘பூனாச்சி’யில் முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது நான் திரும்பிப் போனது முதலாவதுக்கு.